பொழுது சீக்கிரம் சாயும் மாதங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். துணைக்கு யாரையோ உட்கார வைத்துவிட்டு, கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்திருப்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இலையுதிர் காலத்தில் நாளின் பாரம் மொத்தமும் சாயங்காலத்தின் மேல் வந்து விழுகிறது. மறதி நோய் உள்ளவர்கள் பலருக்கு வெளிச்சம் மங்க மங்கக் குழப்பமும் பதற்றமும் ஏறும். மூலையில் விழும் நிழல் ஆளாகத் தெரியும். சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்து கிளம்புவார்கள். சமையல், இரவு மாத்திரை, துணி மாற்றுவது எல்லாம் அதே நேரத்தில்தான் உங்களைச் சூழ்ந்து நிற்கும். காலையிலிருந்து ஓடிய உடம்பும் அப்போதுதான் சோர்ந்திருக்கும்.

இருட்டிய பிறகு விளக்கைத் தேடாதீர்கள். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லா விளக்குகளையும் போட்டு, திரைச்சீலைகளை இழுத்துவிடுங்கள். இருட்டில் ஜன்னல் கண்ணாடி முகம் காட்டும். அதில் தெரியும் தன் முகத்தையே அந்நியர் என்று நினைத்துப் பயப்படுபவர்கள் உண்டு. அஸ்தமனம் வாரத்துக்கு வாரம் முன்னால் நகரும், உங்கள் கடிகாரக் கணக்கையும் வாரம் ஒருமுறை நகர்த்துங்கள்.

சாயங்காலத்தைத் தாங்கும் தெம்பைக் காலையில்தான் சேர்க்க வேண்டும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; மேகம் மூடிய பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வீட்டுக்குள் சில நூறுதான். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20, 30 நிமிடம் வெளியே நில்லுங்கள். முடிந்தால் அவரையும் சக்கர நாற்காலியில் கூட்டிப் போங்கள், இருவருக்கும் இரவுத் தூக்கம் ஒழுங்குபடும். வெளியே போவதற்குப் பதிலாக, பகல் வெளிச்சம்போல் பிரகாசமான 10,000 லக்ஸ் சிகிச்சை விளக்கு வாங்க நினைப்பவர்களுக்குக் கண் நோயோ இருமுனை மனநோயோ இருந்தால், முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

இப்போது உங்கள் முதுகைப் பற்றி. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போதுதான் பெரும்பாலும் முதுகு போகிறது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, இடுப்பைத் திருகுகிறோம். பக்கவாதம் வந்தவருக்கு அப்படி இழுத்தால் தோள்மூட்டே நழுவிவிடலாம்.

சக்கர நாற்காலியை அவருடைய பலமுள்ள பக்கத்தில் போட்டு பிரேக்கை அழுத்துங்கள், கால்தாங்கிகளை விலக்குங்கள். கட்டில் ஓரத்தில் அவரை ஒரு நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பாதம் இரண்டும் தரையில் பதிந்து, குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனியச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு காலை முன்னால் வைத்து, முழங்காலை மடக்கி, அவர் இடுப்பில் கட்டிய தாங்கு பட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சேர்ந்து எழுங்கள். திரும்பும்போது பாதத்தை எடுத்து எடுத்து வையுங்கள். குளிர் தொடங்கியதும் நடக்கும் தப்பு, வழுவழுப்பான காலுறையோடு எழுப்புவது. அடியில் பிடிமானம் உள்ள காலணியைப் போட்டுவிட்டு எழுப்புங்கள். காலில் கொஞ்சமும் பாரம் தாங்காதவரைத் தனியாகத் தூக்கவே கூடாது. இன்னொரு ஆளோ தூக்கும் கருவியோ வேண்டும்.

ஃப்ளூ தடுப்பூசியை அவருக்குப் போட்டுவிட்டு உங்களுக்கு மறந்துவிடுகிறீர்கள். ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாகச் சுமார் இரண்டு வாரம் ஆகும், ஆகவே காய்ச்சல் பரவத் தொடங்குமுன் வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரமாக அநேகமாக எல்லா நாளும் மனம் வாடிக் கிடந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, களைப்பு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பராமரிப்பாளரின் சுமையை அளக்கவே 22 கேள்விகள் கொண்ட ஸாரிட் அளவுகோல் இருக்கிறது; கேட்டு வாங்கி நிரப்பலாம். உங்களையோ அவரையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

"ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்பவரிடம் "பரவாயில்லை" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். "வியாழக்கிழமை சாயங்காலம் 4 மணியிலிருந்து 6 மணி வரை இவரோடு உட்கார முடியுமா?" என்று கேளுங்கள். நாளும் நேரமும் சொன்னால்தான் வர நினைப்பவருக்கும் வர முடியும். வருபவருக்கு ஒரே தாளில் எழுதி வையுங்கள்: மாத்திரையின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமை, எப்படி விழுங்குவார், பதறினால் எதைச் சொன்னால் அமைதியாவார், மருத்துவர் எண். இந்தத் தாளை நீங்கள் காய்ச்சலில் விழுந்த பிறகு எழுத முடியாது.

முதல் வியாழக்கிழமை நீங்கள் வெளியே போக வேண்டாம். தாளை உதவிக்கு வந்தவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து அறையில் கதவைச் சாத்திப் படுத்துக்கொள்ளுங்கள். அவராகக் கூப்பிட்டால் மட்டும் எழுந்து வாருங்கள்.