சாகோஸ் தீவுகள்: உரிமை யாருக்கு, ஊர் திரும்புவது யார்?

[திரை: இந்தியப் பெருங்கடல் வரைபடம். லட்சத்தீவிலிருந்து தெற்கே நகர்கிறது]

கன்னியாகுமரிக்குத் தெற்கே, கொஞ்சம் மேற்காகச் சாய்ந்து, ஏறத்தாழ 1,800 கிலோமீட்டரில் இருக்கிறது டியகோ கார்சியா. சாகோஸ் கூட்டத்தின் பெரிய தீவு இதுதான். லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் மூன்றுமே கடலடியில் ஓடும் ஒரே மலைத்தொடரின் மேல் வளர்ந்த பவளத்தீவுகள். பிரிட்டனிடமிருந்து இதற்கு உரிமை கோரும் மொரீஷியஸோ இங்கிருந்து 2,100 கிலோமீட்டருக்கும் அப்பால்.

மொத்தம் சுமார் 60 தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலம் 60 சதுர கிலோமீட்டர்தான் தேறும். அதில் ஏறக்குறைய பாதி டியகோ கார்சியா. சுற்றியுள்ள கடற்பரப்போ 6,40,000 சதுர கிலோமீட்டர்.

[திரை: டியகோ கார்சியா, வானிலிருந்து]

குதிரை லாட வடிவில் ஒல்லியான நிலம், நடுவே ஆழமான காயல், வடக்கே மட்டும் வாசல். பெரிய போர்க்கப்பல்கள் உள்ளேயே நங்கூரமிடலாம். மேற்குக் கரையில் ஏறத்தாழ 3,600 மீட்டர் ஓடுபாதை. அமெரிக்கா தன் ராணுவத் தளத்துக்காக இந்தத் தீவைக் கேட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்த நில அமைப்பு.

[திரை: 1814 – 1968 காலக்கோடு]

இனி தேதிகளைக் கவனியுங்கள், வழக்கே அதில்தான் நிற்கிறது. 1814 பாரிஸ் ஒப்பந்தத்தில் மொரீஷியஸோடு சேர்ந்து சாகோஸும் பிரான்சிடமிருந்து பிரிட்டனுக்குப் போனது. அன்றிலிருந்து மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்தே ஆட்சி. 1960-இல் ஐ.நா. பொதுச்சபை, காலனிகளின் நிலப்பரப்பைத் துண்டாடக்கூடாது என்று தீர்மானம் போட்டது. அப்படியிருந்தும் 1965 நவம்பர் 8 அன்று பிரிட்டன் சாகோஸைப் பிரித்துத் தனி ஆட்சிப்பகுதியாக்கியது. ஈடாக மொரீஷியஸுக்கு 30 லட்சம் பவுண்டு. மொரீஷியஸ் விடுதலை பெற்றது 1968 மார்ச் 12. பிரித்தபோது அது இன்னும் காலனி. மறுக்கிற நிலையில் இல்லை.

அங்கே மக்கள் இருந்தார்கள். தென்னந்தோப்புகளில் வேலை செய்ய அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின், பின்னால் வந்த இந்தியத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள். நிரந்தரக் குடிகள் என்று ஒப்புக்கொண்டால் ஐ.நா.வுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிவரும். அதனால் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஏட்டில் அவர்களை ஒப்பந்தக் கூலிகளாக்கினார்கள். அமெரிக்கத் தளத்துக்காகத் தீவுகளைக் காலிசெய்ய, மருத்துவத்துக்காக மொரீஷியஸ் போனவர்களுக்குத் திரும்பக் கப்பல் கிடையாது என்றார்கள். சரக்குக் கப்பல்களைக் குறைத்தார்கள். 1971-இல் டியகோ கார்சியா காலியானது, 1973-இல் சாகோஸின் வடக்கிலுள்ள பெரோஸ் பான்யோஸ் தீவுகள். ஆயிரத்தைந்நூறு பேருக்குக் குறையாமல் பிறந்த மண்ணை இழந்தார்கள். இதை இடமாற்றம் என்று மென்மையாகச் சொல்வது அநியாயம், இது வெளியேற்றம்.

[திரை: ஹேக், சர்வதேச நீதிமன்றம்]

2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் 13-க்கு 1 என்ற கணக்கில், பிரித்தது சட்டவிரோதம், பிரிட்டன் சீக்கிரம் விலக வேண்டும் என்றது. இது கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல, ஆலோசனைக் கருத்துதான். பலர் இங்கே குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் 2021-இல் மொரீஷியஸுக்கும் மாலத்தீவுக்கும் இடையிலான கடல் எல்லை வழக்கில் கடல்சட்டத் தீர்ப்பாயம் இதற்குச் சட்ட விளைவு உண்டு என்று சொல்லி, மொரீஷியஸின் உரிமையை ஏற்றுக்கொண்டது. பிரிட்டனுக்கு அடி விழுந்தது அங்கேதான்.

2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, உரிமை மொரீஷியஸுக்கு. டியகோ கார்சியா 99 ஆண்டு பிரிட்டன் பொறுப்பில், அதற்காக மொரீஷியஸுக்குப் பிரிட்டன் தர வேண்டியது சராசரியாக ஆண்டுக்கு 10.1 கோடி பவுண்டு. கையெழுத்து மட்டும் போதாது. இரு நாடுகளும் உள்நாட்டு நடைமுறைகளை முடித்தால்தான் அமலுக்கு வரும். பேச்சுவார்த்தை மேசையில் சாகோஸ் மக்களுக்கு நாற்காலி போடவில்லை. என் பார்வையில் ஒப்பந்தத்தின் பெரிய ஓட்டை அதுதான்.

[திரை: பவளத்தீவின் குறுக்குவெட்டுப் படம்]

ஒப்பந்தப்படி டியகோ கார்சியாவில் குடியேற முடியாது. மற்ற தீவுகளில் மொரீஷியஸ் குடியேற்றலாம். அங்கே முதல் சிக்கல் தண்ணீர். ஆறும் கிடையாது, குளமும் கிடையாது. பவள மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரைவிட லேசானது என்பதால் எண்ணெய்போல் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆழ்குழாய் போட்டு வேகமாக இறைத்தால் அந்த இடத்தில் உப்பு மேலேறி, கிணறு கெட்டுவிடும். அதனால் டியகோ கார்சியாவில் கிடைமட்டக் குழாய்களைப் பதித்து, மேலாக உள்ள நீரை மெதுவாக எடுக்கிறார்கள். தீவு ஒடுங்க ஒடுங்க நன்னீரும் மெலியும். பெரோஸ் பான்யோஸில் எத்தனை குடும்பம் வாழலாம் என்பதை, படகுத்துறைக்கும் மருத்துவ வசதிக்கும் முன்னால், இந்த நீரை அளந்துதான் முடிவுசெய்ய வேண்டும்.