பாரில் இருக்கும் கட்டைவிரல்

நேயர்களுக்கு வணக்கம். பாலே நடன வகுப்பில் ஒன்றரை, இரண்டு வருஷம் ஓட்டியவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "இடைநிலை வகுப்புக்கு எப்போது போகலாம்? புது ஸ்டெப் எப்போது சொல்லித் தருவீர்கள்?"

நான் உடனே பதில் சொல்லாமல் அவர்கள் கையைப் பார்ப்பேன். பாலே வகுப்பு பாரில் தொடங்கும். சுவரோரம், ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் நீளமாகப் போட்டிருக்கும் கட்டைதான் பார். புதிதாக வந்தவர்களைப் போலவே இவர்களில் பலரின் கட்டைவிரலும் அதற்கு அடியில் போய் வளைத்துப் பிடித்திருக்கும், ஓடும் பஸ்ஸில் நிற்பவர் கம்பியைப் பிடிக்கிற மாதிரி. "அந்த விரலையும் மேலே வையுங்கள். சரி, இப்போது ஒவ்வொரு விரலாக எடுங்கள்" என்பேன். உடம்பு சாய்ந்தால், இத்தனை நாளும் அவரைத் தாங்கியது கட்டைதான் என்று இருவருக்குமே தெரிந்துவிடும்.

அடுத்து டர்ன் அவுட், அதாவது கால்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்பது. 17ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயியின் அரசவையில் பியேர் போஷான் வகுத்ததாகச் சொல்லப்படும் ஐந்து பாத நிலைகளுக்கும் அதுதான் அடிப்படை. அந்தத் திருப்பம் தொடை எலும்பு இடுப்பில் பொருந்தும் மூட்டிலிருந்து வர வேண்டும். பாதத்தைத் தரையில் அழுத்தித் திருப்பிவைத்தால் கண்ணாடியில் அழகாகத் தெரியும். முழங்கால் முறுக்கிக்கொள்ளும், பாதத்தின் உள்வளைவு சரிந்துவிடும். நானும் அப்படி ஏமாற்றி, முழங்கால் வீங்கி, சில வாரம் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தவள்தான். சோதிப்பது சுலபம். பிளியே செய்யுங்கள், அதாவது முழங்காலை மடக்கி இறங்குங்கள். முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராகப் போகிறதா? உள்ளே சாய்ந்தால் திருப்பத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பிருவெட், ஒற்றைக் காலில் சுழல்வது, எல்லோருக்கும் ஆசை. தடுமாறினால் தலையைச் சரியாகத் திருப்பவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல சமயம் காரியம் கெடுவது சுழல்வதற்கு முன்பே, பிளியேயில்தான். எடை பின்காலில் தங்கிவிடும், குதிகால் தரையை விட்டு எழும்பும், தோள் முன்கூட்டியே கிளம்பிவிடும். ஆகவே சுழலாமல் செய்து பாருங்கள். நான்காம் நிலையில், அதாவது ஒரு பாதம் முன்னும் மற்றது சற்று இடைவெளி விட்டுப் பின்னுமாக நின்று இறங்கி, ஒரே வீச்சில் குதிகாலைத் தூக்கி அரைப்பாதத்தில் ஏறி, இன்னொரு காலின் விரல் நுனியை முழங்காலுக்குக் கொண்டுவந்து நான்கு எண்ணும்வரை நில்லுங்கள். அது நிலைத்தால் கால்வாசிச் சுற்று, அப்புறம் அரைச் சுற்று. முழுச் சுற்று தானே வரும் என்று சொல்லமாட்டேன், ஆனால் விழுவது குறையும்.

இடைநிலை வகுப்பில் பலரைத் திணறவைப்பது ஞாபகம். ஆசிரியர் ஒரு அடித்தொடரை ஒன்றிரண்டு முறைதான் காட்டுவார்; வலப்பக்கம் முடித்த கையோடு இடப்பக்கம் ஆட வேண்டும். கிளிசாட், பா தெ பூரே போன்ற இணைப்பு அடிகளை அவசரமாக விழுங்கிவிட்டுத் தாவலுக்கு ஓடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். தாவலுக்கு உந்துவிசையே அந்தச் சின்ன அடிகளில்தான் சேருகிறது.

பாயிண்ட் ஷூவை, அதாவது விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான காலணியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, அதை உங்கள் கணுக்காலைப் பார்த்து ஆசிரியர் முடிவு செய்யட்டும்.

இன்றிரவு பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்று பாருங்கள், வாஷ் பேசினைப் பிடிக்காமல். வாய் கொப்பளிக்க மட்டும் காலை இறக்கிக்கொள்ளலாம். வணக்கம்.