"நல்ல பிள்ளை" என்றால் என்ன?

[காட்சி: மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியோரம் ஒரு பாடசாலை. தரம் 4 வகுப்பு. சித்திரப் பாடம்.]

வன்னியில் ஒரு பிள்ளையின் கொப்பியைப் பார்த்து, "படம் வடிவாயிருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். "இல்லை ரீச்சர், சரியா வரேல்லை" என்று கொப்பியை மூடிவிடும்.

இது நாங்கள் பழக்கிவிட்டதுதான். யாராவது புகழ்ந்துவிட்டுப் போனால் நாவூறு பட்டுவிடும் என்று அம்மம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவா. அதைக் கேலி செய்யவில்லை, அதுவும் அன்புதான். ஆனால் பிள்ளைக்குப் புகழ்ச்சி என்றாலே ஏதோ ஆபத்து. அப்புறம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வந்துவிடும். ஒரு வினாத்தாளில் 100க்கு 85 புள்ளி எடுத்தாலும் வீட்டில் கேட்பது, "மிச்சம் 15 எங்கை?"

சரி, பாராட்டைச் சொல்லவும் வாங்கவும் வகுப்பில் எப்படிப் பழக்கலாம்?

[காட்சி: பழைய பிஸ்கட் ரின். உள்ளே பெயர் எழுதிய கடதாசித் துண்டுகள்.]

ஆளுக்கொரு துண்டு எடுக்க வேண்டும். யாருடைய பெயர் வந்தது என்று வெளியே சொல்லக் கூடாது. ஒருநாள் முழுக்க அந்தப் பிள்ளையைக் கவனித்து, கண்ணால் கண்ட ஒரு நல்ல விஷயத்தை மறுநாள் எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். நிறம், உடுப்பு, புள்ளி மூன்றையும் பற்றிப் பேசக் கூடாது.

முதல்நாள் எல்லோரும் "அவள் நல்ல பிள்ளை" என்றுதான் சொல்வார்கள். விடாதீர்கள். "என்னத்தைக் கண்டு சொல்லுறாய்?" என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு வரும்: "என்ரை சைக்கிள் செயின் கழண்டுது. இவன் நிண்டு மாட்டித் தந்தவன்." "கணக்கை மூண்டு தரம் அழிச்சு அழிச்சுச் செய்தவள்."

"கெட்டிக்காரன்" என்று சொன்னால் என்ன குறை? 1998இல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் கிளோடியா மியுல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்டிக்காரர் என்று புகழப்பட்டவர்கள், கடினமான புதிரில் தோற்றதும் சோர்ந்துபோனார்கள். அடுத்த சுற்றில் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினார்கள்.

அதற்காக ஒரேயடியாகத் தூக்கி வைக்கவும் கூடாது. 2014இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், பிள்ளைகள் வரைந்த படத்துக்குச் சிலரிடம் "அழகு" என்றார்கள், சிலரிடம் "நம்பமுடியாத அழகு" என்றார்கள். தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகள் இரண்டாவதைக் கேட்டபின் கடினமான படங்களைத் தவிர்த்து லேசானவற்றையே தேடினார்கள். அடுத்த முறையும் அந்த உயரத்துக்கு ஏற வேண்டுமே என்ற பயமாக இருக்கலாம்.

இனி, பாராட்டை வாங்குகிற பக்கம். என்னைக் கேட்டால் கஷ்டம் இங்கேதான். விதி ஒன்றுதான்: சொன்னவரின் முகத்தைப் பார்த்து "நன்றி" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். "இல்லை, சும்மா" என்று இழுக்கக் கூடாது. முதல் கிழமை சிரிப்பும் நெளிவுமாகத்தான் போகும்.

[காட்சி: கடைசி வாங்கில் ஒரு சிறுவன், தனியாக.]

"இவனைப் பற்றி ஒண்டும் தெரியேல்லை ரீச்சர்" என்று ஒருநாள் ஒரு பிள்ளை சொல்லும். அந்த வாய்க்குள் பதிலைத் திணிக்காதீர்கள், இன்னும் இரண்டு நாள் கொடுங்கள். காலையில் முதல் ஆளாக வந்து ஜன்னல் திறப்பவன் அவன்தான் என்பதை அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

[காட்சி: ரீச்சரின் கை, ரின்னுக்குள் ஒரு துண்டைப் போடுகிறது.]

உங்கள் பெயரையும் எழுதிப் போடுங்கள் ரீச்சர். உங்கள் முறை வரும்போது "சரி சரி, போய் இரு" என்று மழுப்பக் கூடாது.