நீள்வட்டமாகிப் போன சக்கரம்

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு கராஜிலிருந்து பேசுகிறேன். வெளியே நல்ல மழை, தகரக் கூரைச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் விரித்திருக்கிறேனே, இது என்ஜிஜி16 என்ற காரட் (Garratt) வகை நீராவி இன்ஜினின் ஜெனரல் அரேஞ்ச்மென்ட் வரைபடம், அதாவது முழு அமைப்பையும் காட்டும் படம், நகல்தான். 2 அடிப் பாதையில் ஓடிய இன்ஜின். நடுவில் ஒரே பாய்லர், முன்னும் பின்னும் தனித்தனியே திரும்பும் இரண்டு சக்கரத் தொகுதிகள். முதல் இன்ஜின்களை 1937-இல் பெல்ஜியத்தின் காக்கரில் ஆலை கட்டியது, கடைசியாக வந்தவற்றை 1967, 68-இல் நம் நாட்டிலேயே ஹன்ஸ்லெட் டெய்லர் கட்டியது. போர்ட் ஷெப்ஸ்டோனிலிருந்து ஹார்டிங் வரை மலையேறியவை இவை. என் தாத்தா அந்த யார்டில் சாம்பல் அள்ளியவர். அதனால்தான் இந்த இன்ஜினை விட மனசு வரவில்லை.

இதன் சிறிய மாதிரியைப் பித்தளைத் தகட்டில் எட்ச் செய்து, அதாவது ரசாயனத்தால் அரித்து வெட்டி, யார் வேண்டுமானாலும் சேர்த்துப் பற்றவைக்கும்படி ஒரு கிட்டாக வடிவமைக்கிறேன். ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர் அளவு.

முதல் தடவை பெரிய தப்பு செய்தேன். வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்து, அப்படியே கணினியில் ஏற்றிவிட்டேன். தகடு வந்தது. பாய்லரைத் தாங்கும் சட்டம் இரண்டு பக்கமும் எட்டவில்லை. தாள் சுருங்கும், நகல் எடுக்கும் இயந்திரம் ஒரு திசையில் மட்டும் இழுக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: சக்கரத்தை அளந்து பாருங்கள். சக்கரம் வட்டம்தானே? என் நகலில் அது நீள்வட்டம்! உயரம் ஒன்று, அகலம் ஒன்று. அப்புறம் கோடுகளை விட்டுவிட்டு, எழுதியிருக்கும் எண்களை மட்டும் எடுத்தேன். பெரிய சக்கரத்தின் விட்டம் 2 அடி 9 அங்குலம் என்று இருக்கிறது, நம் அளவில் சரியாக 11 மில்லிமீட்டர்.

அடுத்த சிக்கல் பாதை அகலம். 2 அடி என்றால் 8 மில்லிமீட்டர் வர வேண்டும். ஆனால் மோட்டாரும் சக்கரமும் எளிதாகக் கிடைப்பது 9 மில்லிமீட்டர் பாதைக்குத்தான். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். இந்த இன்ஜினில் சட்டம் சக்கரத்துக்கு வெளியே இருக்கிறது, சக்கரத்தைச் சுழற்றும் கையான கிராங்க் அதற்கும் வெளியே. சக்கரம் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் சட்டம், கிராங்க், சிலிண்டர் எல்லாமே வெளியே போகும். நான் சட்டத்தை மெல்லிய தகடாக்கிப் பாதியை மீட்டேன், மீதிக்குச் சிலிண்டரைத் தள்ளி வைத்தேன். தண்ணீர்த் தொட்டியையும் கேபினையும் தொடவே இல்லை. கண் முதலில் போகும் இடம் அதுதான், அங்கே வரைபடத்தின் அளவு மாறவே கூடாது.

தகட்டை மடிப்பதற்காக அரிக்கும் மடிப்புக் கோடு எப்போதும் மடியும் பக்கத்தின் உள்ளே வர வேண்டும். ரிவெட்டுகளுக்குப் பின்பக்கம் பாதி ஆழக் குழி போதும், ஊசிமுனையால் அழுத்தினால் முன்னால் புடைத்துக்கொள்ளும்.

சரி, உங்களிடம் ஒரு உதவி. இந்த வரைபடம் ஒரு பக்கத்தைத்தான் காட்டுகிறது. தொழிற்சாலை வரைந்தது ஒன்று, பணிமனையில் வருஷக்கணக்கில் மாற்றி மாற்றி ஓட்டியது இன்னொன்று. மறுபக்கத்துக் குழாய்கள் எப்படிப் போயின என்று புகைப்படம்தான் சொல்லும். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் போர்ட் ஷெப்ஸ்டோன் ஸ்டேஷனில் எடுத்த படம் இருந்தால், மாமாவோ சித்தப்பாவோ முன்னால் நின்று மறைத்திருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள். அது வரும்வரை அந்தப் பக்கத் தகட்டை எட்சிங்குக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.