கலைஞன் என்றால் அப்படித்தானா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

1953ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விவியன் லீ என்ற நடிகை ஒரு படப்பிடிப்புக்காக இலங்கைக்கு வந்தார். அதற்கு முன்பே இரண்டு ஆஸ்கார் விருதுகள் வாங்கியிருந்தவர். ‘எலிபன்ட் வோக்’ என்ற அந்தப் படம் தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் கதை. இங்கே இருக்கும்போதே அவருடைய மனநிலை தடுமாறத் தொடங்கியது. படப்பிடிப்பு அமெரிக்காவுக்கு மாறியதும் முற்றாக நிலைகுலைந்து போனார். அவருடைய வேடத்தை எலிசபெத் டெய்லருக்குக் கொடுத்தார்கள். ஆனாலும் இலங்கையில் தூரத்திலிருந்து எடுத்த சில காட்சிகளில் இன்றைக்கும் தெரிவது விவியன் லீதான்.

அவருக்கு இருந்த நோயை இப்போது இருமுனைப் பிறழ்வு என்கிறோம். கிளினிக்கில் ‘பைபோலர்’ என்பார்கள். ஒரு முனையில் நாட்கணக்காகத் தூக்கமே இல்லாமலும் களைப்புத் தெரியாது. எண்ணங்கள் ஒன்றையொன்று முந்தும், பேச்சு ஓயாது, கையிலுள்ள காசெல்லாம் கரையும். மறுமுனையில் எழுந்து முகம் கழுவுவதே மலையாகத் தெரியும். 2019இல் உலகில் ஏறக்குறைய 4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் கவிஞர்களுமில்லை, நடிகர்களுமில்லை. கடற்றொழில் செய்பவர்கள், ஆசிரியர்கள், வீட்டைப் பார்க்கும் தாய்மார்.

எனக்கு இந்த நோய் அறிமுகமானது என் அண்ணனால். திருகோணமலைக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார், நாடகங்களுக்குத் திரைச்சீலை கீறுவார். ஒருமுறை நான்கு இரவு கண்மூடாமல் நின்று ஒரு மதில் முழுவதும் கடலைக் கீறினார். ஊரே வந்து பார்த்தது. “கலைஞன் எண்டால் அப்படித்தான்” என்றார்கள். நாங்களும் பெருமைப்பட்டோம். பெயின்ற் கடைக் கடன் வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் பயம் பிடித்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். அப்போது வந்து பார்க்க ஆளில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று நூல் கட்டினோம். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு வலிக்கிறது. ஏனென்றால், இந்த நோய்க்கு அப்போதே மருந்து இருந்தது.

லித்தியம். அதுவும் ஓர் உப்புத்தான். பித்தநிலையில், அதாவது நான் முதலில் சொன்ன தூக்கமில்லாத முனையில், இருந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட், தன் கட்டுரையை 1949இல் வெளியிட்டார். விவியன் லீ இலங்கைக்கு வருவதற்கு நான்கு வருடம் முன்பு! ஆனால் அது பரவலாகப் புழக்கத்துக்கு வரப் பல வருடங்கள் பிடித்தன. அமெரிக்கக் கவிஞர் ரொபர்ட் லோவல் ஆண்டுக்காண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர். 1967இல்தான் லித்தியம் எடுக்கத் தொடங்கினார். தான் பட்ட பாடும் பிறரைப் படுத்திய பாடும் மூளையில் கொஞ்சம் உப்புக் குறைந்ததாலா என்று பதிப்பாளர் ஒருவரிடம் நொந்துகொண்டாராம். நோயின் காரணம் அத்தனை எளிதல்ல. ஆனாலும் நிலாவெளிப் பக்கம் உப்பளத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த மனிதரின் துக்கம் எனக்கு நினைவுக்கு வரும்.

“மருந்து எடுத்தால் என்ர கை நிண்டுபோகும்.” பிறகு லித்தியம் எடுக்கத் தொடங்கிய அண்ணன் இதைச் சொல்லித்தான் குளிசையை நிறுத்தினார். இதே பயம் உள்ள பலரை நான் கண்டிருக்கிறேன். டென்மார்க் மருத்துவர் மோகன்ஸ் ஷூ, லித்தியம் எடுத்துவந்த 24 கலைஞர்களிடம் இதையே விசாரித்து 1979இல் எழுதினார். 12 பேர் முன்னைவிடக் கூடுதலாகப் படைத்தார்கள். 6 பேருக்கு மாற்றமில்லை. 6 பேருக்குக் குறைந்தது. அந்த ஆறு பேரை நான் மறைக்க மாட்டேன். அண்ணனுக்கும் முதலில் கை நடுங்கியது, தூரிகை பிடிக்க முடியவில்லை. டொக்டரிடம் சொன்னோம், அளவைக் குறைத்தார், நடுக்கம் தணிந்தது. தானாக நிறுத்தியபோதோ நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பியது.

கலைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. சுவீடனில் மூன்று லட்சம் மனநோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். இருமுனைப் பிறழ்வு உள்ளவர்கள் கலை, அறிவியல் தொழில்களில் கூடுதலாக இருந்தார்கள். நோயில்லாத அவர்களின் சகோதரர்களும் அப்படியே. அப்படியானால் குடும்பத்தில் ஓடும் ஏதோ ஒன்று திறமைக்கு உதவுகிறதாக்கும். நோயின் உச்சம் உதவுகிறது என்று இதற்குப் பொருளில்லை. அண்ணன் அந்த நான்கு இரவில் கீறிய கடலை, தெளிந்த பிறகு அவரே வெள்ளையடித்து மூடிவிட்டார்.

லித்தியம் எடுப்பவர்களுக்கு நம்மூர் வெயிலை வைத்து ஒன்று சொல்ல வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உடம்பு வற்றினால் இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகும். தண்ணீர் குடியுங்கள். சாப்பாட்டு உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். விரதமோ நோன்போ பிடிக்குமுன் டொக்டரைக் கேளுங்கள். ஐபுபுரோஃபென் போன்ற நோக் குளிசையைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடவேண்டாம். இரத்தப் பரிசோதனைத் திகதியைத் தவறவிடாதீர்கள். வீட்டில் யாராவது தூக்கத்தைத் தொலைத்துவிட்டுத் துள்ளித் திரிந்தால், அல்லது சாகவேண்டும் என்று பேசினால், 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது.

அண்ணனைப் பற்றி இங்கே பேசலாமா என்று நேற்று அவரிடமே கேட்டேன். பலகை ஒன்றுக்கு வர்ணம் குழைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “பேரைச் சொல்லாத. இப்பவும் கீறுறன் எண்டதை மட்டும் மறக்காமல் சொல்லு” என்றார்.