ஆபர்ன் 2013: ஒரு நொடி மிச்சம் இருந்தபோது நடந்தது என்ன?

(திரையில்: ஜோர்டன்-ஹேர் மைதானம், ஆபர்ன், அலபாமா. 2013 நவம்பர் 30)

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அதிகம் பேர் பார்த்த கிளிப்புகளில் ஒன்று இது. ஒரு வீரர் தன் பக்க எல்லையிலிருந்து எதிர்ப்பக்க எல்லை வரை தனியாக ஓடுகிறார், மொத்தக் கூட்டமும் மைதானத்துக்குள் பாய்கிறது. எல்லோரும் இதை அதிசயம் என்கிறார்கள். நடந்ததைப் பிரித்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

முதலில் அதற்கு முந்தைய வருடம். 2012-ல் ஆபர்ன் பல்கலைக்கழக அணிக்கு 3 வெற்றி, 9 தோல்வி. தான் சேர்ந்த எஸ்இசி என்ற தென்கிழக்குப் பல்கலைக்கழக லீக்கில் ஆடிய 8 ஆட்டங்களிலும் தோல்வி. பயிற்சியாளரை அனுப்பிவிட்டு கஸ் மல்ஸானைக் கொண்டுவந்தார்கள். 2010-ல் ஆபர்ன் தேசியப் பட்டம் வென்றபோது தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிட்டவர் அவர்தான். மூச்சு விடாத வேகத்தில் அடுத்தடுத்து ஆடுவது, பந்தை வீசுவதைவிடத் தூக்கிக்கொண்டு ஓடுவது, இதுதான் அவர் பாணி. 2013 செப்டம்பரில் எல்எஸ்யூவிடம் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) ஒரு தோல்வி. அப்புறம் வரிசையாக வெற்றிதான்.

நவம்பர் 16, ஜார்ஜியா பல்கலைக்கழக அணியுடன் ஆட்டம். 20 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டு 37-38 என்று ஆபர்ன் பின்தங்கிவிட்டது. அமெரிக்க ஃபுட்பாலில் பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்புதான். ஆபர்னுக்கு நான்காவது வாய்ப்பு, போகவேண்டியது 18 யார்டு. ஆபர்னின் பந்து வீசும் வீரர் நிக் மார்ஷல் கண்ணை மூடிக்கொண்டு வீசியதுபோல நீளமாக வீசினார். ஜார்ஜியா வீரர்கள் இருவர் ஒரே பந்துக்குப் பாய, அது அவர்கள் மேல் பட்டு எகிறி, ஓடிக்கொண்டிருந்த ரிக்கார்டோ லூயிஸ் கையில் விழுந்தது. 73 யார்டு டச் டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுபோவது, 6 புள்ளி), 43-38. இது சுத்த அதிர்ஷ்டம், மறுக்கமாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தது வேறு கதை.

(திரையில்: அலபாமா, தரவரிசை 1, 11 ஆட்டம், 11 வெற்றி)

அலபாமாவும் ஆபர்னும் ஒரே மாநிலத்துப் பகையாளிகள். இவர்கள் மோதும் ஆட்டத்துக்கு அயர்ன் பவுல் என்று பெயர். அன்று அலபாமா 28-21 என்று முன்னிலையில் இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் சொச்சம். ஆபர்ன் எல்லைக்கு 13 யார்டு தூரத்தில் அலபாமாவுக்கு நான்காவது வாய்ப்பு. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி, முன்னிலை 10 ஆகும், ஆட்டம் அநேகமாக முடிந்துவிடும். பயிற்சியாளர் நிக் சேபன் உதைக்கச் சொல்லவில்லை. உதைப்பவரான கேட் ஃபாஸ்டருக்கு அன்று குறி ஏற்கெனவே தவறியிருந்தது. ஓடிப் பார்த்தார்கள், ஆபர்ன் தடுத்துவிட்டது. பிறகு ஃபாஸ்டர் உதைத்த இன்னொரு பந்தையும் ஆபர்ன் மறித்தது. 32 நொடி மிச்சம் இருக்கும்போது ஆபர்ன் டச் டவுன் போட்டது. 28-28.

என் கணக்கில் ஆட்டம் திரும்பியது அந்த 13 யார்டு முடிவில்தான்.

கடைசி ஓட்டத்தில் அலபாமா வீரர் கோட்டுக்கு வெளியே போனபோது கடிகாரம் பூஜ்யம் காட்டியது. சேபன் வாதாடினார், நடுவர்கள் வீடியோ பார்த்து ஒரு நொடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒரு நொடிக்கு 57 யார்டு தூரத்திலிருந்து உதைக்க, ஃபாஸ்டருக்குப் பதில் முதலாண்டு வீரர் ஆடம் கிரிஃபித்தை அனுப்பினார்.

இங்கேதான் விதியைக் கவனிக்க வேண்டும். சிக்ஸருக்குத் தூக்கிய பந்து கயிற்றைத் தாண்டாவிட்டால் ஃபீல்டர் பிடிக்கலாம் இல்லையா, அதேபோல் உதைத்த பந்து கம்பம் வரை போகாமல் உள்ளே இறங்கினால் எதிரணி பிடித்துக்கொண்டு ஓடலாம். மல்ஸான் டைம் அவுட் கேட்டு, கிறிஸ் டேவிஸைப் பின்னால் எல்லைப் பகுதிக்குள் நிறுத்தினார். உதைப்பவருக்கு முன்னால் அலபாமா நிறுத்தியிருந்தது யாரை? பெரும்பாலும் மலைபோன்ற தடுப்பு வீரர்களை. எதிரியை முட்டித் தள்ள அவர்களுக்குத் தெரியும், திறந்த மைதானத்தில் துரத்திப் பிடிக்க முடியாது.

பந்து குறைந்து விழுந்தது. டேவிஸ் பிடித்தார், இடது ஓரமாக ஓடினார், ஆபர்ன்காரர்கள் வரிசையாக வழி அமைத்துக் கொடுத்தார்கள். ஓடியது ஏறக்குறைய 109 யார்டு. மைதானம் எல்லைக்கு எல்லை 100 யார்டுதான், அதற்கு மேல் கணக்கில் எழுதுவதில்லை என்பதால் பதிவேட்டில் 100 என்றுதான் இருக்கும். 34-28.

அடுத்த வாரம் எஸ்இசி இறுதியில் மிசூரியை 59-42 என்று அடித்தார்கள். ட்ரே மேசன் மட்டும் 46 முறை பந்தைத் தூக்கி 304 யார்டு ஓடினார். அதே இரவு, தோல்வியே காணாத ஓஹாயோ ஸ்டேட் மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோற்றது. ஆபர்னுக்குத் தேசிய இறுதிக்கு வழி திறந்தது.

(திரையில்: ரோஸ் பவுல், பாசடீனா, 2014 ஜனவரி 6)

எதிரணி ஃபுளோரிடா ஸ்டேட். ஆபர்ன் 21-3 என்று ஏறி நின்றது. கடைசிக் கால்பகுதியில் ஆபர்ன் உதைத்த பந்தைப் பிடித்து, ஃபுளோரிடா ஸ்டேட் வீரர் ஒருவர் 100 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். ஆம், இந்த முறை துரத்தியும் பிடிக்க முடியாமல் நின்றது ஆபர்ன்! மேசன் 37 யார்டு ஓடி மீண்டும் முன்னிலை வாங்கிக் கொடுத்தார், 31-27. ஆனால் ஒரு நிமிடத்துக்கும் மேல் நேரம் கிடந்தது, அது ஃபுளோரிடா ஸ்டேட்டின் பந்து வீசும் வீரர் ஜேமிஸ் வின்ஸ்டனுக்குப் போதுமானதாக இருந்தது. 13 நொடி மிச்சம் இருக்க அவர் கெல்வின் பெஞ்சமினுக்கு வீசிய பந்தில் 34-31 என்று பட்டம் கைமாறியது. 12 வெற்றி, 2 தோல்வியோடு ஆபர்ன் ஊர் திரும்பியது.