பெங்களூரு அவே மேட்ச்: 40 பேரை பஸ்ல கூட்டிட்டுப் போய், அதே 40 பேரோட திரும்பி வர்றது எப்படி?

வணக்கம் மக்களே! சின்னசாமி ஸ்டேடியத்துல சிஎஸ்கே ஆடுற மேட்சுக்கு சென்னையில இருந்து ஒரு பஸ் நிறைய ஆள் கிளம்பணும்னா என்னென்ன பார்க்கணும்னு இன்னைக்கு முழுசா பேசிடலாம். காலேஜ் பசங்க, ஆபீஸ் குரூப், ஏரியா ரசிகர் மன்றம்னு யார் ஏற்பாடு பண்ணாலும் கணக்கு ஒண்ணுதான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். போறதை யார் வேணாலும் பிளான் பண்ணிடலாம். மேட்ச் முடிஞ்ச பிறகு ராத்திரி 11:30 மணிக்கு அந்த 40 பேரும் எங்க நிப்பாங்க, அங்கிருந்து பஸ்ஸுக்கு எப்படி வந்து சேருவாங்க, இதுலதான் மொத்த டிரிப்பும் நிக்குது. அதனால திரும்பி வர்றதை முதல்ல முடிவு பண்ணுங்க. கிளம்புற நேரம் அதுக்கு அப்புறம்.

ரயில்லயே போயிட்டு வந்துடலாமேன்னு கேப்பீங்க. 7:30 மணி மேட்ச், மழை கிழை இல்லைன்னாலும் முடிய 11:15, 11:30 ஆயிடும். சென்னைக்கு வர்ற பெங்களூர் மெயில் மெஜஸ்டிக் பக்கத்து கேஎஸ்ஆர் ஸ்டேஷன்ல இருந்து 11 மணிக்கு முன்னாடியே கிளம்பிடும். இரண்டாவது இன்னிங்ஸ் பாதியில எழுந்து போனாத்தான் அதைப் பிடிக்க முடியும். ஆனா மத்தியானம் 3:30 மணி மேட்சுன்னா கதையே வேற. 7:15, 7:30க்குள்ள முடிஞ்சிடும், நிம்மதியா சாப்பிட்டுட்டு மெயில் ஏறலாம். அப்படி ஒரு மேட்ச் கிடைச்சா யோசிக்காம ரயிலுக்குப் போங்க. ரிசர்வேஷன் இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. ஒரு டிக்கெட்ல 6 பேர்தான் போட முடியும். 40 பேருக்கு 7 டிக்கெட், ஏழு பேர் ஒரே நேரத்துல உக்காந்து போடணும். மேட்ச் அட்டவணை வந்த அன்னைக்கே போட்டாதான் உண்டு, ரெண்டு நாள் யோசிச்சா வெயிட்டிங் லிஸ்ட்தான்.

முழு கோச்சையே ஐஆர்சிடிசில புக் பண்ற வழியும் இருக்கு. ஆனா கோச்சுக்கு 50,000 ரூபாய் டெபாசிட், குறைஞ்சது 30 நாளைக்கு முன்னாடி மனு கொடுக்கணும். 2018 ஏப்ரல்ல சென்னை மேட்சுகள் புனேவுக்கு மாறினப்போ சிஎஸ்கே நிர்வாகமே தனி ரயில் பிடிச்சு ஆயிரம் ரசிகர்களைப் புனே கூட்டிட்டுப் போச்சு, ஞாபகம் இருக்கும். 'விசில் போடு எக்ஸ்பிரஸ்'. அந்த மாதிரி காரியம் ஒரு டீமால முடியும். நம்ம 40 பேருக்கு பஸ்தான்.

சரி, பஸ் பேசும்போது ரொம்பப் பேர் ஏமாறுற இடம் 'எத்தனை நாள்' கணக்கு. காலையில 6 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலையில 8 மணிக்கு வர்றோம். உங்களுக்கு அது ஒரு ட்ரிப். வண்டிக்காரருக்கு அது ரெண்டு நாள், ஏன்னா நாள் கணக்கு நள்ளிரவுல மாறிடும். ஒரு நாளைக்குக் குறைஞ்சபட்சம் இத்தனை கிலோமீட்டர்னு வச்சிருப்பாங்க, 250ன்னோ 300ன்னோ. சென்னை டு பெங்களூரு கிருஷ்ணகிரி வழியா ஒரு பக்கம் சுமார் 350. போக வர 700, ஊருக்குள்ள சுத்துறது, ஷெட்ல இருந்து வர்றது எல்லாம் சேர்த்து 760 வரைக்கும் போட்டுக்கோங்க. அதுக்கு மேல டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், கர்நாடகா வரி. இந்த நாலும் வாடகைக்குள்ள அடக்கமா, தனியான்னு எழுதி வாங்கிடுங்க. வாய்ப்பேச்சுல விட்டீங்கன்னா கர்நாடகா எல்லையில, அத்திப்பள்ளியில நிக்க வச்சுட்டு ஆளுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக்கிட்டு இருப்பீங்க.

பெர்மிட் விஷயம் இன்னும் முக்கியம். தமிழ்நாட்டு வண்டி கர்நாடகாவுக்குள்ள வாடகைக்குப் போகணும்னா ஆல் இந்தியா டூரிஸ்ட் பெர்மிட்டோ, அந்த ட்ரிப்புக்கான ஸ்பெஷல் பெர்மிட்டோ வேணும். பெர்மிட் காப்பி, வரி கட்டின ரசீது, எஃப்சி (வண்டியோட தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், நாலையும் ரெண்டு நாளைக்கு முன்னாடியே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பயணிகள் பட்டியல் ஒண்ணு, பேர், வயசு, போன் நம்பரோட பிரிண்ட் எடுத்து வண்டியில இருக்கணும். அப்புறம் ரூட். மேப்ல பார்த்தீங்கன்னா வாலாஜாவுல இருந்து சித்தூர், பலமனேர், முளபாகல், கோலார்னு ஒரு வழி போகும். சில நேரம் மேப் இதைத்தான் காட்டும். ஆனா இந்த ரோடு ஆந்திராவுக்குள்ள போகுது. ஆந்திராவுக்கு பேப்பர் இல்லாத வண்டி சித்தூர்ல மாட்டினா அபராதம், அரை நாள் காலி. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர், இதுலயே போங்க. வண்டி தமிழ்நாட்டைத் தாண்டினதும் நேரா கர்நாடகாதான்.

டிரைவர். இதுல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க, தயவு செஞ்சு. காலையில 6ல இருந்து மறுநாள் 8 வரை 26 மணி நேரம். 1961ல வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலைன்னுதான் சொல்லிச்சு. 'ஒரே டிரைவர் போதும் சார், மத்தியானம் தூங்கிக்குவார்'னு சொல்லுவாங்க. மத்தியான வெயில்ல பஸ்ஸுக்குள்ள யாருக்கும் தூக்கம் வராது. ராத்திரி 3 மணிக்கு வாணியம்பாடி பக்கம் ஹைவேயில, லோடு லாரி ஓரமா நிக்கிற இடத்துல, அவர் கண்ணு சொக்கும். ரெண்டு டிரைவர், ரெண்டு பேரோட லைசென்ஸ் காப்பியும் முன்னாடியே கையில. இல்லைன்னா வேற வண்டி பாருங்க.

இப்போ பெங்களூருக்குள்ள வருவோம். பஸ்ஸை ஸ்டேடியம் வரைக்கும் கொண்டு போகவே கூடாது. மேட்ச் அன்னைக்கு எம்ஜி ரோடு, கப்பன் ரோடு, குயின்ஸ் ரோடு, கஸ்தூர்பா ரோடு பக்கமெல்லாம் வண்டி நிறுத்தத் தடை போட்டுடுவாங்க. டிராஃபிக் போலீஸ் சொல்ற பார்க்கிங் இடங்கள், செயின்ட் ஜோசப் ஸ்கூல் மைதானம் மாதிரி, கார்காரங்களுக்கு சரி. 40 சீட் பஸ்ஸை உள்ள விட்டா ராத்திரி வெளிய எடுக்க ஒரு மணி நேரம்.

அதுக்குத்தான் மெட்ரோ. 2025 ஆகஸ்ட்ல மஞ்சள் லைன் திறந்தது ஓசூர் ரோடு வழியா வர்ற நமக்குப் பெரிய வரம். பொம்மசந்திரா டெர்மினல் அந்த ரோட்டு மேலயே இருக்கு. அங்க இறங்கினா எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு ஜாம் ரெண்டையும் தலைக்கு மேலயே தாண்டிடலாம். ரயில் கிளம்புற இடமே அதுதான்கிறதால உட்கார இடமும் கிடைக்கும். ஆர்.வி. ரோடுல பச்சை லைன் மாறணும், மாதாவரா பக்கம் போற ரயில். மெஜஸ்டிக்ல ஊதா லைன், ஒயிட்ஃபீல்டு பக்கம். அதுல மூணாவது ஸ்டேஷன் கப்பன் பார்க், ஸ்டேடியத்துக்கு அங்கதான் இறங்கணும். ரெண்டு மாறுதல், காத்திருக்குற நேரத்தோட ஒன்றரை மணி நேரம் வச்சுக்கோங்க.

இதுல மெஜஸ்டிக்தான் ஆள் தொலையுற இடம். 40 பேரும் ஒண்ணா மாற முயற்சி பண்ணாதீங்க. 6 பேர் ஒரு செட், ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு ஆள் பொறுப்பு. மெட்ரோவோட கியூஆர் டிக்கெட்லயும் ஒரு கோடுல 6 பேர் வரைக்கும் போகலாம், அதனால இந்த எண்ணிக்கை சரியா பொருந்துது. கேட்ல அந்த கோடை ஆளுக்கு ஒரு தடவை காட்டணும். போனை வச்சிருக்கிறவர் கடைசியா போகணும். அவர் முதல்ல உள்ள போயிட்டார்னா மீதி 5 பேர் வெளிய நிப்பாங்க, கம்பிக்கு மேல போனை நீட்டிக்கிட்டு. பின்னாடி வரிசையில 200 பேர் கத்துவாங்க.

திரும்பும்போது வந்த வழியில போகக் கூடாது. நள்ளிரவுல ரெண்டு தடவை ரயில் மாறுறது ஆகாத காரியம், ஒரு லைன்ல லேட்டானா அடுத்த லைன்ல கடைசி ரயில் போயிருக்கும். ஊதா லைன்ல கிழக்கே நேரா பையப்பனஹள்ளி. ஒரே ரயில், மாறவே வேண்டாம். கப்பன் பார்க்ல இருந்து எம்ஜி ரோடு, டிரினிட்டி, அல்சூர், இந்திராநகர், சுவாமி விவேகானந்தா ரோடு, அடுத்தது பையப்பனஹள்ளி. டிரைவர்ங்க பொம்மசந்திராவுல சாப்பிட்டு, லாட்ஜ்ல ஒரு ரூம் போட்டுத் தூங்கிட்டு (அந்த ரூம் காசை குரூப் கணக்குலயே போடுங்க), 9:30க்கு வண்டியை எடுத்து அவுட்டர் ரிங் ரோடு வழியா பையப்பனஹள்ளி வந்துடணும். 40 பேர் ஏறின பிறகு அதே ரிங் ரோடு, சில்க் போர்டு, ஓசூர். அந்த நேரத்துல ரோடு காலியா இருக்கும்.

ஒரே ஒரு ஆபத்து. பையப்பனஹள்ளின்னு டிரைவர் மேப்ல தட்டினா, விஸ்வேஸ்வரய்யா டெர்மினல்னு ஒரு பெரிய ரயில்வே ஸ்டேஷன் வரும், எஸ்எம்விடி. அது வேற இடம், மெட்ரோ ஸ்டேஷன்ல இருந்து நடந்து போற தூரமில்லை. 'ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கிறேன்'னு அவர் சொல்லுவார், 'நாங்களும் வாசல்லதான் நிக்கிறோம்'னு நீங்க சொல்லுவீங்க. பழைய மெட்ராஸ் ரோட்டுல இருக்கிற மெட்ரோ ஸ்டேஷனோட லொகேஷன் பின்னை ரெண்டு டிரைவருக்கும் காலையிலேயே அனுப்பி, திறந்து பார்த்தாங்களான்னு கேட்டுக்கோங்க.

சென்னையில மேட்ச் டிக்கெட்டைக் காட்டினா மெட்ரோ இலவசம்னு சில சீசனா பழகிட்டோம். பெங்களூருல அப்படி எதிர்பார்க்காதீங்க. அங்க மேட்ச் நாள்ல ரயில் நேரத்தை நீட்டிப்பாங்க, திரும்பி வர்றதுக்கு ஒரே விலையில காகித டிக்கெட்டும் மத்தியானத்துல இருந்தே கொடுத்திருக்காங்க. போகும்போதே திரும்புற டிக்கெட்டையும் வாங்கிடுங்க. ராத்திரி கவுன்டர் வரிசையில நின்னா அரை மணி போயிடும், போன் கியூஆரை நம்பினா அங்க நெட்வொர்க் கிடைக்காது. கடைசி ரயில் எத்தனை மணின்னு மெட்ரோ நிர்வாகம் ஒவ்வொரு மேட்சுக்கும் தனியா அறிவிக்கும். அந்த நேரத்துல இருந்து 40 நிமிஷம் கழிச்சுக்கோங்க. அதுதான் உங்க குரூப் சீட்டை விட்டு எழுந்திரிக்கிற நேரம், கடைசி ஓவரா இருந்தாலும் சரி. 2025 மே 3ல அதே கிரவுண்டுல நாம 2 ரன்ல தோத்தோம். அந்த மாதிரி ஓவர்ல எழுந்திரின்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. பஸ்ல ஏறும்போதே எல்லார்கிட்டயும் ஒத்துக்க வச்சுடணும்.

மழையைப் பத்தி ஒண்ணு. சின்னசாமியில தரைக்கு அடியில தண்ணியை உறிஞ்சுற சப்ஏர் சிஸ்டம் இருக்கு. மழை விட்ட கொஞ்ச நேரத்துல ஆட்டம் தொடங்கிடும். 2024 மே 18 மேட்ச்ல அப்படித்தான், மழைக்கு நின்னு, திரும்ப முழு 20 ஓவரும் ஆடினாங்க. அதனால மழைன்னதும் ஆட்டம் ரத்துன்னு வெளிய வராதீங்க, ஒருதடவை வெளிய வந்தா திரும்ப உள்ள விட மாட்டாங்க. ஆனா மழை விடவே இல்லைன்னா 2025 மே 17 மாதிரி ஒரு பந்துகூட போடாம கைவிடுறதும் நடக்கும். ரெண்டு நிலைமைக்கும் டிரைவர் போன்ல கிடைக்கணும்.

உள்ள பவர் பேங்க், பை, தண்ணி பாட்டில், குடை, கம்பு வச்ச கொடி எதுவும் விட மாட்டாங்க. வெளிய பாதுகாப்பா வைக்க இடமும் கிடையாது. எல்லாத்தையும் பஸ்லயே விட்டுட்டு, போன், பர்ஸ், அடையாள அட்டை மட்டும் எடுத்துட்டு வாங்க. போன்ல சார்ஜ் 90க்கு மேல இருக்கணும், டிக்கெட்டும் டிரைவர் நம்பரும் அதுலதான் இருக்கு. பொறுப்பாளர் நம்பரை ஒரு சீட்டுல எழுதி எல்லாரும் பாக்கெட்ல வச்சுக்கோங்க.

டிக்கெட் இல்லாத ஆளுக்கு பஸ்ல சீட் கிடையாது. 'அங்க போய் பிளாக்ல வாங்கிக்கிறேன்'னு ஒருத்தர் வருவார். ஒரே கியூஆரை நாலு பேருக்கு வித்திருப்பாங்க, கேட்ல முதல்ல போனவர் உள்ள, மத்தவங்க வெளிய. 2025 ஜூன் 4ல அந்த ஸ்டேடியம் வாசல்கள்ல நடந்த நெரிசல்ல 11 பேர் இறந்துட்டாங்க. அதுக்கப்புறமும் டிக்கெட் இல்லாத ஆளை அந்த வாசலுக்குக் கூட்டிட்டுப் போறது பெரிய தப்பு. டிக்கெட் இருக்கிறவங்களும் அதுல போட்டிருக்கிற கேட் நம்பரைப் பார்த்து, செட் செட்டா 5:30க்குள்ள உள்ள போயிடுங்க. குயின்ஸ் ரோடு பக்கமா, கப்பன் ரோடு பக்கமான்னு முன்னாடியே பார்த்துக்கலைன்னா தடுப்பைச் சுத்தி நடக்கவே 20 நிமிஷம் ஆகும்.

காவிரி பிரச்சனை சூடா இருக்கா, பந்த் அறிவிச்சிருக்காங்களான்னு முந்தின வாரமே பாருங்க. 2016 செப்டம்பர்ல பெங்களூருல தமிழ்நாட்டுப் பதிவு பஸ்கள் எரிஞ்சது மறக்கக் கூடாது. வழக்கமா ஆர்சிபி ரசிகர்கள் கூட பேச்சு, கிண்டல், செல்ஃபி எல்லாம் நல்லாவே போகும். இருந்தாலும் வண்டியில கட்டின பேனரை ஓசூர்லயே கழட்டிடுங்க.

மேட்ச் முடிஞ்சதும் கப்பன் பார்க்லயே ஏறுங்க. கூட்டம் பயமுறுத்தும், ஆனா ரயில் அங்கதான் நிரம்பும். எம்ஜி ரோடுக்கு நடந்து போனா வரிசை சின்னதா தெரியும், வர்ற ரயில் நிறைஞ்சே வரும். பையப்பனஹள்ளியில செட் பொறுப்பாளர் ஏழு பேரும் தலை எண்ணி சொன்ன பிறகு, லிஸ்ட்ல பேர் வாரியா டிக் பண்ணி, அப்புறம்தான் வண்டி நகரணும்.

1 மணிக்குக் கிளம்பினா கிருஷ்ணகிரி தாண்டி 3 மணிக்கு டீ, டிரைவர் மாத்தம். ஸ்ரீபெரும்புதூர் வரும்போது 7 மணி ஆயிடும். வேலை நாள்னா கம்பெனி பஸ்கள் எல்லாம் அப்போதான் ரோட்டுல இருக்கும், பூந்தமல்லி வர்றதுக்கே முக்கால் மணி நேரம் சேர்த்துக்கோங்க. ஆபீஸ் போகணும்னு இருக்கிறவங்ககிட்ட 9 மணின்னே சொல்லி வைங்க. பூந்தமல்லியில ஒரு ஸ்டாப், கோயம்பேடு மெட்ரோ வாசல்ல கடைசி ஸ்டாப், போதும். வீட்டு வாசல்ல இறக்கிவிடச் சொல்லி யாராவது கேட்டா ஒத்துக்காதீங்க, ரெண்டு டிரைவரும் அதுக்குள்ள ரொம்ப ஓஞ்சு போயிருப்பாங்க.